நாலாவது பேர் என்ன?

செமஸ்டர் லீவு முடிஞ்சு பெட்டி படுக்கையோட திரும்பி வந்தாச்சா? மெஸ்ஸில் அதே சாம்பார், அதே கேள்விக்குறி மாதிரி நெளிஞ்ச முருங்கைக்காய்தானா? ஹாஸ்டல் வேண்டாம்னு வெளியே ரூம் தேடிக்கிட்டு இருக்கிற கோஷ்டியும் இருக்கும். இந்த வாரம் உங்களோடதான் பேச்சு.

தண்டலம் தெரியும்தானே? பூந்தமல்லியில் பஸ் ஏறி, செம்பரம்பாக்கத்தைத் தாண்டினால் பெங்களூரு ஹைவேஸில் வரும் ஊர். இன்னும் கொஞ்சம் போனால் இருங்காட்டுக்கோட்டை, அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், இடது பக்கம் பிரிந்தால் ஒரகடம். காலையில் காலேஜ் பஸ்ஸும் கம்பெனி பஸ்ஸும் முட்டிக்கொண்டு போகிற ரோடு. டீக்கடையில் தமிழுக்கு சமமாகத் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் காதில் விழும். கார் செய்கிறவர்கள், போன் அசெம்பிள் பண்ணுகிறவர்கள், அரியர் வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போகிறோம். அந்த ஆட்டோவில் யாரும் யாருடைய மதத்தையும் கேட்பதில்லை. கேட்க மூச்சு விட இடம் இருந்தால்தானே!

ஆனால் ஆட்டோவை விட்டு இறங்கி, 'டு லெட்' போர்டு தொங்குகிற வீட்டு வாசலில் நின்றால் கேட்கிறார்கள்.

2006 ஜூன். நான் மூன்றாம் வருஷம். நாங்கள் நாலு பேர், தண்டலம் பக்கம் வீடு தேடி அலைந்தோம். அந்த வருஷ ஆரம்பத்தில்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கியிருந்தது (2014-ல் மூடியும் விட்டார்கள், அது வேறு சோகம்). சுற்றுவட்டாரத்தில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட அட்வான்ஸ் கேட்ட நேரம். பதினோரு நாள் அலைந்து ஒரு மாடி போர்ஷன் பிடித்தோம். ரெண்டு ரூம், தண்ணி ப்ராப்ளம் இல்லை, மொட்டை மாடி ஃப்ரீ. ஹவுஸ் ஓனர் நல்ல மனுஷன். மோர் கொடுத்தார். எந்த ஊர், அப்பா என்ன பண்றார் என்று அக்கறையா விசாரித்தார். அட்வான்ஸ் பேசி முடித்து, ஒரு நோட்டில் பெயர்களை எழுத ஆரம்பித்தார். முதல் பெயர், ரெண்டாவது பெயர், மூணாவது பெயர்.

"நாலாவது பேர் என்ன தம்பி?"

அவன் சொன்னான். பேனா நின்றது.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. அக்கம்பக்கத்துல ஏதாவது சொல்லுவாங்க."

இந்த 'அக்கம்பக்கம்' யாரென்று இதுவரை எனக்குத் தெரியாது. கேட்கிற யாருக்கும் சொந்தமாக எந்த ஆட்சேபணையும் இருந்ததே இல்லை. எல்லாமே அடுத்த வீட்டுக்காரருக்குத்தான். அந்த அடுத்த வீட்டுக்காரரைப் போய்க் கேட்டால், அவரும் இவரைத்தான் கை காட்டுவார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் என்ன ஆச்சு என்றால், நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டை எடுத்துக்கொண்டோம். "நீங்க போங்கடா, நான் பாத்துக்கறேன்"னு அவனேதான் சொன்னான். நாங்களும் கொஞ்சம் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பெட்டியை ஏற்றினோம். அவன் பூந்தமல்லியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தான். க்ரூப் ஸ்டடிக்கு எங்கள் மாடிக்கு வருவான். கீழே ஓனர் டிவியை ஆஃப் பண்ணுகிற சத்தம் கேட்டதும் நோட்டை மூடிவிடுவான். ரெண்டு வருஷத்தில் ஒரு ராத்திரி கூட அங்கே தங்கியதில்லை.

இவ்வளவுக்கும் நாங்கள் எப்படிப்பட்ட கேங் தெரியுமா? "நாங்கல்லாம் மதமே பார்க்க மாட்டோம் மச்சி!" கேங். நீங்களும் அப்படித்தானே? உங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதில் பொய்யும் கிடையாது. நாங்கள் நிஜமாகவே பார்க்கவில்லை. ஹவுஸ் ஓனர் பார்த்தார். அவர் பார்த்தபோது என்ன செய்வது என்று, பார்த்தே பழக்கமில்லாத எங்களுக்குத் தெரியவில்லை.

எவ்வளவு பார்க்கவில்லை என்பதற்கு இன்னொரு சாம்பிள். அதே 2006-ல் தீபாவளி அக்டோபர் 21-ந் தேதி. அந்த வருஷம் ரம்ஜான் பண்டிகையும் அதே வாரத்தைத் தொட்டுக்கொண்டு வந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் எவனோ மைசூர்பாகு டப்பாவைத் திறந்தான். ஆளுக்கு ஒன்று. அவன் மட்டும் ஒரு அஸைன்மென்ட் பேப்பரைக் கிழித்து, அதில் மடித்து பேக்குக்குள் வைத்துக்கொண்டான். "ஓவரா சீன் போடாதடா, சாப்பிடு"ன்னு நான்தான் சத்தம் போட்டேன். "சாயங்காலம் சாப்பிடறேன்"னு சிரித்தான். நோன்பு மாசம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் நோன்பு என்றால் விடிவதற்கு முன்னாடி சாப்பிட்டு, சூரியன் மறையும் வரை ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பது என்று மூன்று பேரில் ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிந்தபோது கேட்ட முதல் கேள்வியும் உலகப் பிரசித்தி பெற்றதுதான்: "தண்ணி கூடவாடா?" மூணு வருஷம் ஒரே பெஞ்ச், பாஸ்!

இன்னொன்று. அவன் ராமநாதபுரம் பக்கம். அங்கே முஸ்லிம்களும் இந்துக்களும் மாமன், மச்சான், மாப்பிள்ளை என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வது பல ஊர்களில் இன்றும் உண்டு. ஊரில் பக்கத்து வீட்டு இந்துப் பெரியவருக்கு இவன் 'மாப்ளே'. எங்கள் வகுப்பில் இவன் 'பாய்'. அன்பாகத்தான் கூப்பிட்டோம். அவனும் திரும்பிப் பார்த்தான். ஆனால் எங்கள் யாரையும் யாரும் மதத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.

காலேஜ் விழாக்களில் பேச்சுப் போட்டிக்கு ஒரு தலைப்பு நிரந்தரமாக உண்டு: 'மத சகிப்புத்தன்மை'. எனக்கு அந்த வார்த்தையிலேயே ஒரு நெருடல். நாம் 'சகிக்கிற' வார்த்தையை எங்கே பயன்படுத்துகிறோம்? "உன் பாட்டு சகிக்கலடா", "மெஸ்ஸுல உப்புமா சகிக்கல." தாங்க முடியாத ஒன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது சகிப்பு. பக்கத்து பெஞ்சில் இருப்பவனின் சாமியை உப்புமா மாதிரி சகித்துக்கொள்வதற்கு ஒரு கோப்பை, ஒரு சர்ட்டிபிகேட்! நல்லிணக்கம் என்று இன்னொரு வார்த்தை இருக்கிறது. இணங்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். கொஞ்சம் இவர் நகரணும், கொஞ்சம் அவர் நகரணும். அதற்கு இடுப்பு வளைய வேண்டியிருக்கிறது.

இதே பூந்தமல்லி–ஸ்ரீபெரும்புதூர் ரோட்டிலேயே இதற்கு ஒரு பழைய கதை கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். பூந்தமல்லி, திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். நம்பி பிராமணர் அல்ல. ஆனால் ராமானுஜர் அவரைக் குருவாக நினைத்தார். காஞ்சிபுரத்தில் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நம்பி வந்த நேரத்தில் ராமானுஜர் வீட்டில் இல்லை. நம்பி சாப்பிட்டுவிட்டுப் போனதும், ராமானுஜரின் மனைவி மீதி உணவை வெளியே கொடுத்துவிட்டு, வீட்டைக் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த ராமானுஜர் அதைப் பார்த்து நொந்துபோனார் என்று வைணவ குரு பரம்பரைக் கதைகள் சொல்கின்றன. இது சாதிக் கதை, மதக் கதை இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் 'சாப்பாடு போட்டாச்சு, ஆனா ஆள் போனதும் வீட்டைக் கழுவணும்' என்கிற அந்த மனசு இருக்கிறதே, அதற்கு சாதி, மதம் என்று தனித்தனி டிபார்ட்மென்ட் கிடையாது. அந்த அம்மாவும் நம்பியை சகித்துக்கொண்டார்தான். சோறும் போட்டார்தான். மோர் கொடுத்த எங்கள் ஓனர் மாதிரி.

ராமானுஜர் பெயரோடு சேர்ந்த இன்னொரு கதை இதைவிட விசேஷம். கர்நாடகத்தில் மேல்கோட்டை என்று ஒரு ஊர். அந்தக் கோயிலின் உற்சவர் சிலை டெல்லி சுல்தான் அரண்மனையில் இருந்ததாகவும், ராமானுஜர் போய்க் கேட்டு வாங்கி வந்ததாகவும், அந்தச் சிலையைப் பொம்மையாக வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த சுல்தானின் மகள் பிரிவு தாங்காமல் பின்னாலேயே வந்து பெருமாளோடு ஐக்கியமானதாகவும் கதை. ஸ்ரீரங்கத்திலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. அங்கே அந்த இளவரசிக்குத் 'துலுக்க நாச்சியார்' என்று பெயர், கோயிலுக்குள்ளேயே தனி சன்னதி. இஸ்லாத்தில் உருவ வழிபாடு இல்லை என்பதால் சிலை வைக்காமல் சித்திரமாகத்தான் இருக்கிறார். அவருக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். சில நாட்களில் நம்பெருமாளுக்குக் கைலி கட்டி விடுகிறார்கள். மாமனார் வீட்டு டிரெஸ், மாமனார் வீட்டு டிபன்!

வரலாறு படிக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தர் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பார். டெல்லி சுல்தான் ஆட்சி தொடங்கியதே 1206-ல். மரபுக் கணக்குப்படி ராமானுஜர் மறைந்தது 1137-ல். அப்புறம் எப்படி சார் சுல்தானை சந்தித்தார்? கரெக்ட். சந்தித்திருக்க முடியாது. இதை நடந்த சம்பவம் என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். ஸ்ரீரங்கத்தின் மேல் படையெடுப்பு நடந்தது நிஜம். 1311-ல் மாலிக் காபூர் படை. 1323-ல் இன்னும் பெரிதாக. அந்தச் சமயம் எடுத்துக்கொண்டு ஓடிய உற்சவர் சிலை ஊர் ஊராக அலைந்து ஸ்ரீரங்கம் திரும்பியது 1371-ல்தான். 48 வருஷம்! சாமியே ஊரில் இல்லாமல் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்றிருக்கிறது. அவ்வளவு பட்ட ஊர், படை அனுப்பியவரின் மகளுக்கு என்ன கதை கட்டியிருக்க வேண்டும்? வில்லியாக்கியிருக்கலாம். பிசாசாக்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளைப் பெருமாளுக்குக் கட்டிக் கொடுத்து, சொந்தமாக்கி, அவள் வீட்டுப் பலகாரத்தைச் சமையற்கட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ரொட்டியை யாரோ தினமும் சுட வேண்டும். இத்தனை நூற்றாண்டாகச் சுடுகிறார்கள். (உருவமில்லாத இறைவனை வணங்கும் ஒரு முஸ்லிமுக்கு இந்தக் கதை சங்கடமாக இருக்கலாம். அதுவும் நியாயம்தான். ஊரின் மனசு போன திசையைத்தான் நான் சொல்கிறேன்.)

"எல்லாம் பழைய கதை சார், இப்ப நடக்கிறதைச் சொல்லுங்க" என்கிறீர்களா? ரம்ஜான் மாதத்தில் ஒரு சாயங்காலம் திருவல்லிக்கேணிக்கு வண்டி ஏறுங்கள். பார்த்தசாரதி கோயிலில் இருந்து நடந்தே போகிற தூரத்தில் வாலாஜா பெரிய மசூதி. 1795-ல் ஆற்காடு நவாப் முகம்மது அலி குடும்பம் கட்டியது. அங்கே கல்லில் பொறித்திருக்கும் பாரசீகக் காலக்குறிப்பை எழுதியவர், நவாப்பிடம் முன்ஷியாக இருந்த மக்கன் லால் என்ற இந்து. அது அந்தக் காலம். இந்தக் காலத்தில், அங்கே நோன்பு திறக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு உணவு கொண்டுவருவது மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கும் 'சூஃபிதார்' என்கிற அமைப்பு. நடத்துபவர்கள் சிந்தி இந்துக்கள். காலையிலேயே சமையல் ஆரம்பித்து, சாயங்காலம் வண்டியில் ஏற்றி வந்து, தலையில் தொப்பி போட்டுக்கொண்டு அவர்களே பரிமாறுகிறார்கள். சைவச் சாப்பாடுதான். தினமும் ஆயிரம் பேர் அளவுக்கு. ரம்ஜான் மாதம் முழுக்க. முப்பது வருஷத்துக்கும் மேலாக.

இதைத் தொடங்கியவர் தாதா ரத்தன்சந்த். 1947 பிரிவினையில் சிந்து மாகாணத்திலிருந்து அகதியாகச் சென்னைக்கு வந்தவர். இந்த ஒரு வரியை மட்டும் ரெண்டு தடவை படியுங்கள். பிரிவினையில் வீடு வாசலை விட்டு ஓடி வந்த ஒரு மனிதருக்கு முஸ்லிம்கள் மேல் கோபப்பட காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வாட்ஸ்அப் ஃபார்வர்டு தேவையில்லை. அவரிடமே ஒரிஜினல் இருந்தது. அவர் அடுப்பைப் பற்ற வைத்தார்.

அங்கே பரிமாறுகிறவர்கள் மதம் மாறிவிடவில்லை. சாப்பிடுகிறவர்களும் மாறவில்லை. 'எல்லா மதமும் ஒண்ணுதான்' என்று யாரும் மைக் பிடித்துப் பேசவும் இல்லை. எனக்கு அந்த டயலாக்கில் பெரிய நம்பிக்கையும் கிடையாது. ஒன்று இல்லை, பாஸ். நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒருவருக்கு உருவம் வேண்டும், ஒருவருக்குக் கூடாது. ஒருவர் மாமிசம் தொட மாட்டார், ஒருவருக்கு அது பண்டிகை. ஞாயிற்றுக்கிழமை காலை கிரிக்கெட் மேட்சுக்கு உங்கள் கிறிஸ்தவ ஃப்ரெண்ட் ஏன் லேட்டாக வருகிறான் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப் வைத்தால் நாலு பேர் ஏன் நெளிகிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வித்தியாசம் தெரிந்தால்தான் மேட்ச் டைமைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியும். 'எல்லாம் ஒண்ணுதான்'னு சொல்கிறவர் பெரும்பாலும் தன் டைம்டேபிளை மாற்றுவதில்லை.

தமிழ்நாடு அமைதிப் பூங்கா, இங்கே ப்ராப்ளமே இல்லை என்று மேடையில் சொல்வார்கள். இருந்திருக்கிறது ஃப்ரெண்ட்ஸ். 1982-ல் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே வெடித்த கலவரம், துப்பாக்கிச்சூடு வரை போனது. கோவையில் 1997 நவம்பரில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர். ஒரு கொலை, அதற்கு ஒரு கலவரம், அதற்கு ஒரு குண்டு. மூன்றே மாதம். செத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முந்தின கணக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கடைக்கு வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

மண்டைக்காட்டில் கலவரம் நடந்தபோது குன்றக்குடி அடிகளார் அங்கே நேரில் போனார். சைவ ஆதீனம் ஒன்றின் தலைவர், காவி கட்டியவர். மடத்தில் இருந்தபடியே ஒரு அறிக்கை விட்டிருக்கலாம். போய் இரண்டு தரப்போடும் உட்கார்ந்து பேசினார். பிறகு மூன்று மதத்துப் பெரியவர்களையும் சேர்த்துத் 'திருவருட் பேரவை' என்று ஓர் அமைப்பையும் நடத்தினார். இந்த மாதிரி ஆட்களைப் பற்றி நம் பாடப் புத்தகங்கள் ஒரு பாராவோடு முடித்துக்கொள்வது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தண்டலத்துக்குத் திரும்புவோம். பக்கத்தில் இருக்கிறதே செம்பரம்பாக்கம் ஏரி, 2015 டிசம்பர் 1-ந் தேதி ராத்திரி அதிலிருந்து 29,000 கன அடி வரை தண்ணீரைத் திறந்தார்கள். அடையாறு கரை முழுக்க மூழ்கியது. சென்னையில் பள்ளிவாசல்கள், சர்ச்சுகள், கல்யாண மண்டபங்கள் என்று திறந்திருந்த இடத்திலெல்லாம் ஜனங்கள் தங்கினார்கள். வெள்ளம் வடிந்ததும், சேறு நிரம்பிக் கிடந்த கோயில்களை முஸ்லிம் இளைஞர்கள் மண்வெட்டியும் துடைப்பமுமாகக் கழுவிக் கொடுத்த செய்தி உங்கள் வீட்டு டிவியிலும் ஓடியிருக்கும். ஊரப்பாக்கத்தில் வெள்ளத்துக்கு நடுவே ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் படகில் காப்பாற்றினார் ஒரு முஸ்லிம் இளைஞர். பிறந்த பெண் குழந்தைக்கு அந்த இந்துத் தம்பதி அவர் பெயரையே வைத்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று யாரும் நாலாவது பெயரைக் கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் 'டு லெட்' போர்டுகள் மறுபடி தொங்கின. எனக்கு உறுத்துவது அதுதான். வெள்ளத்தில் ஹீரோவாக இருப்பது நமக்கு வருகிறது. சாதாரண செவ்வாய்க்கிழமையில் ஒரு வாசலில் நின்று வாய் திறப்பது வர மாட்டேன் என்கிறது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, ஓட்டல், பொதுக் கிணறு, குளம் இங்கெல்லாம் மதம், சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. 2005-ல் குஜராத்தில் ஒரு பார்சி வீட்டுவசதி சங்கத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எங்கள் மதத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று சங்கம் விதி வைத்துக்கொள்வது செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆக, தனியார் வீட்டுக்காரர் "உனக்குத் தர மாட்டேன்" என்றால் சட்டம் பெரும்பாலும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும். கேட்டுக்கு உள்ளே நிற்பது நீங்கள் மூன்று பேர்தான்.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். இப்போது அவனும் ஒரு ஹவுஸ் ஓனர். மேல் போர்ஷனில் ஒடிஷாக்காரக் குடும்பம் இருக்கிறதாம், தினமும் காலையில் சங்கு ஊதி பூஜை செய்வார்களாம். "அலாரமே வேணாம்டா"ன்னு சிரித்தான். பேச்சு அப்படியே தண்டலத்துக்கு வந்தது. அந்த வீட்டைப் பற்றி இருபது வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நான்தான் ஆரம்பித்தேன். "அன்னைக்கு உனக்கு அந்த ஆள் மேல செம கோபம் இருந்திருக்கும் இல்ல?"

"அவர் மேல என்னடா கோபம், அவரை எனக்கு அரை மணி நேரமாத்தான் தெரியும்"னான். கொஞ்ச நேரம் பாயசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "நீ அன்னைக்கு அந்த ஈ.பி. மீட்டரையே பாத்துக்கிட்டு நின்னடா. அதுல என்னதான் தெரிஞ்சுது?"

எனக்கு மீட்டர் ஞாபகமே இல்லை. அவனுக்கு இருக்கிறது. படி ஏறுகிற இடத்தில், பச்சைப் பெயின்ட் அடித்த பலகையில் இருந்ததாம்.

என்ன சொல்லியிருக்கலாம் என்று அதற்கப்புறம் யோசித்துப் பார்த்தேன். பெரிய வசனம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. "சார், நாலு பேரும் ஒண்ணாத்தான் இருப்போம், இல்லன்னா வேற வீடு பாத்துக்கறோம்." அவ்வளவுதான். ஓனர் மனசு மாறியிருப்பாரா? தெரியாது. நோக்கியா புண்ணியத்தில் அவருக்கு வேறு ஆள் சாயங்காலமே கிடைத்திருக்கும். நாங்கள் இன்னும் பதினோரு நாள் அலைந்திருப்போம். செருப்பு தேய்ந்திருக்கும்.

இப்போது ரூம் தேடுகிற கோஷ்டிக்கு வருகிறேன். போகும்போது எல்லோரும் ஒன்றாகப் போங்கள். புரோக்கரிடமே எல்லாருடைய பெயரையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மோர் குடித்த பிறகு வேண்டாம். யார் காலையில் சாமி கும்பிடுவார், யார் தொழுவார், யாருக்கு முட்டை வாசனை ஆகாது என்று உங்களுக்குள் ஒரு டீ நேரம் பேசி முடியுங்கள். தெரியாததை வெட்கப்படாமல் கேளுங்கள், "தண்ணி கூடவா?" உட்பட. ஓனர் பேனாவை நிறுத்தினால், நாலாவது ஆள் வாயைத் திறக்கும் முன்னால் உங்களில் ஒருத்தர் பேசுங்கள். ஈ.பி. மீட்டர் எங்கேயும் போய்விடாது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு, ரீடிங் குறித்துக்கொள்ளும்போது நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.